வாதாடக் கற்பிப்பவர் யார்?

சட்டக் கல்லூரியில் தேர்ச்சி பெற்ற இளைஞர், வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டதும் கறுப்பு அங்கி அணிந்து பிறருக்காக நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும் உரிமையைப் பெறுகிறார். சட்ட நூல்களைக் கற்றவர்தாம், ஐயமில்லை. ஆயினும், கலங்கிய கண்களோடு வரும் கட்சிக்காரரிடம் எதைக் கேட்பது, மனுவை எவ்வாறு வரைவது, சாட்சியை எங்ஙனம் விசாரிப்பது என்பவற்றை அவருக்குக் கற்பித்தவர் யார்? சட்டம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரும், என்றேனும் ஒருநாள் வழக்கறிஞரை நாட நேரிடும் ஏனையோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

மருத்துவம் பயில்வோர் ஆசிரியரின் கண்காணிப்பில் நோயாளிகளிடையே நின்று கற்கின்றனர். இறுதித் தேர்வுக்குப் பின்னும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி பெற்ற பிறகே தனித்து மருத்துவம் செய்ய அனுமதிக்கப்படுகின்றனர். சட்டத் துறையின் நிலை வேறு.

நின்றுபோன பயிற்சி

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம், பட்டம் பெற்றோர் பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் முடிக்க வேண்டுமெனத் தொடக்கத்தில் விதித்திருந்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிற்று. 1995இல் இந்திய வழக்கறிஞர் மன்றம் ஓராண்டுப் பயிற்சியை மீண்டும் கட்டாயமாக்க விதி செய்தது. அவ்வாறு விதிக்கும் அதிகாரம் சட்டப்படி மன்றத்திற்கு இல்லையென 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011 முதல் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு நடைபெறுகிறது. அது எழுத்துத் தேர்வே. ஒருவர் சாட்சியிடம் எவ்வாறு வினவுவார் என்பதை அது அளந்து காட்டாது. ஆகவே, பயிற்சிப் பொறுப்பின் பெரும்பகுதி கல்லூரியின் தோள்மீதே விழுகிறது.

வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதிகள் இதற்கு வழி வகுத்துள்ளன. மனு வரைதல், தொழில் நெறி, சமரச முறைகள், மாதிரி நீதிமன்றம் ஆகிய நான்கும் கட்டாயப் பாடங்கள். மாணவர் இரு வழக்குகளின் விசாரணையை நேரில் கண்டு குறிப்பெழுத வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பினர் 20 வாரங்களும், மூன்றாண்டுப் படிப்பினர் 12 வாரங்களும் களப்பயிற்சி பெற வேண்டும். ஆனால், கட்சிக்காரரிடம் உரையாடும் முறையைப் பொறுத்தவரை, பிறர் உரையாடுவதை இருமுறை பார்த்து நாட்குறிப்பில் எழுதினால் போதும் என்பதே விதி. நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியுமா?

செவியே முதற்கருவி

வாதத் திறன் என்றதும் நாவன்மையே நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது செவியில் தொடங்குகிறது. வகுப்பில் செய்யத்தக்க எளிய பயிற்சி ஒன்றைக் காண்போம். ஒரு மாணவி, கணவனை இழந்த பெண்ணாக நடிக்கிறாள். "மைத்துனர் என்னை வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறார், ஐயா" என்கிறாள். வழக்கறிஞராக அமர்ந்த மாணவர் உடனே, "இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன்படி, பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவ விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு" என்று முழங்குகிறார். சட்டம் சரியே, ஆலோசனைதான் அவசரமானது. உயில் உண்டா? வீடு கணவர் பெயரில் இருந்ததா, மாமனார் பெயரிலா? பத்திரம் எவரிடம் உள்ளது? இன்றிரவு அவளும் பிள்ளைகளும் தங்குவது எங்கே? இவற்றுள் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. மாமனார் பெயரில் வீடு இருப்பின் பங்குக் கணக்கே மாறிவிடும். இத்தவற்றை வகுப்பில் செய்தால் ஆசிரியர் திருத்துவார். அலுவலகத்தில் செய்தால் அப்பெண் வீட்டை இழப்பாள்.

சாட்சி விசாரணையும் இத்தகையதே. தம் தரப்புச் சாட்சியிடம், "பேருந்து வேகமாகத்தானே வந்தது?" என்று விடையை ஊட்டும் வினாவை, எதிர்த் தரப்பினர் மறுக்கும்போது, நீதிமன்ற அனுமதியின்றிக் கேட்கலாகாது. "பேருந்து எப்படி வந்தது?" என்றே கேட்க வேண்டும். குறுக்கு விசாரணையிலோ விடையூட்டும் வினாவே கருவி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்நெறி மாறவில்லை. இதனை ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். நாவில் பழக்குவதற்கோ பலமுறை எழுந்து நின்று, பிழைசெய்து, திருத்தப்பட வேண்டும்.

ஏழையின் வழக்கு

பயிற்சியின்மையின் விலையைக் கொடுப்பவர் யார்? செல்வந்தர் அனுபவமிக்க மூத்த வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வார். கைப்பொருள் இல்லாதவருக்கோ புதியவரே கிடைக்கலாம். அப்போது ஏழையின் வழக்கே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆகிவிடுகிறது.

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் காவலில் உள்ளோருக்கும் இலவச சட்ட உதவி பெறும் தகுதியை அளிக்கிறது. சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்கள் அமைவதை ஊக்குவிக்கவும் அச்சட்டம் வழிசெய்கிறது. இம்மையங்களில் மாணவர் வழக்காட இயலாது. ஆனால், ஆசிரியரும் வழக்கறிஞரும் உடனிருக்க, மக்களின் குறைகேட்டு, ஆவணங்களைத் தொகுத்து, விண்ணப்பங்களை வரையப் பழகலாம். ஏழைக்கு உதவியும் மாணவருக்குக் கல்வியும் ஒருங்கே கிட்டும். பெயர்ப்பலகை மட்டும் தொங்கினால் இரண்டுமே கிட்டா.

பெற்றோரே! உங்கள் மகனோ மகளோ விடுமுறைக்கு வரும்போது, மதிப்பெண்ணை மட்டும் விசாரியாதீர்கள். "இவ்வாண்டு எத்தனை பேரின் குறையை அமர்ந்து கேட்டாய்? உன் கையால் எழுதிய மனு எத்தனை? நீ கேட்ட வினாவை ஆசிரியர் எங்கே திருத்தினார்?" என்று வினவுங்கள். களப்பயிற்சிச் சான்றிதழ் கையெழுத்திற்காக மட்டும் அலைவதை ஊக்குவியாதீர்கள். பிறர் வீடும் விடுதலையும் நாளை அப்பிள்ளையின் சொல்லில் தங்கி நிற்கும். அச்சொல்லைப் பழக்குவதற்கு உரிய காலம், தவறினால் எவரும் எதையும் இழக்காத கல்லூரிக் காலமே.