இலக்கு எண்ணாகிவிட்டால்...

முகாமையாளரும் ஊழியரும் கூடிப் பேசி, குறித்த காலத்துள் அடைய வேண்டிய இலக்குகளை வகுத்து, கால முடிவில் அவற்றைக் கொண்டே வேலையை மதிப்பிடும் முறை 'குறிக்கோள்வழி முகாமைத்துவம்' எனப்படும். 1954 ஆம் ஆண்டு பீற்றர் ட்ரக்கர் எழுதிய நூலொன்றின் மூலம் இக்கருத்து பரவலாயிற்று. ஊழியரை அதட்டி வேலை வாங்காமல், அவர் தம் இலக்கை அறிந்து தம்மைத் தாமே நெறிப்படுத்தச் செய்வதே அவரது எண்ணமாகும்.

எண்ணம் நல்லதே. எனினும் நடைமுறையில் சில குறைபாடுகள் உள்ளன.

முதலாவது, எண்ணக்கூடியவை மட்டுமே இலக்குகளாகின்றன. ஒரு வைத்தியசாலையில் எத்தனை நோயாளர் பார்க்கப்பட்டனர் என்பதை எண்ணலாம். அவர்கள் சொன்னது பொறுமையாகக் கேட்கப்பட்டதா என்பதை எண்ண முடியாது. எண்ணிக்கைக்கே பாராட்டு என்றால் பொறுமை மெல்ல மறைந்துவிடும்.

இரண்டாவது, சூழ்நிலை மாறினாலும் இலக்கு மாறுவதில்லை. 2022 இல் எமது நாட்டில் எரிபொருளுக்கு நீண்ட வரிசைகள் நின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் வகுத்த விநியோக இலக்கு அந்நாட்களுக்கு எப்படிப் பொருந்தும்?

மூன்றாவதே மிக ஆபத்தானது. இலக்கு நெருக்குதலாக மாறும்போது நேர்மை தளர்கிறது. அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகள் என விற்பனை இலக்கு வைத்தது. அதை எட்ட முடியாத ஊழியர் பலர், வாடிக்கையாளரின் அனுமதியின்றியே அவர்கள் பெயரில் கணக்குகளைத் திறந்தனர். 2016 இல் வங்கிக்கு 185 மில்லியன் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 ஊழியர் வேலையிழந்திருந்தனர். ஏட்டில் எண்ணிக்கை உயர்ந்தது. வங்கியின் மீதிருந்த நம்பிக்கையோ சிதைந்தது.

இதனாற்றான் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அறிஞர் இம்முறையைக் கைவிடுமாறே வலியுறுத்தினார். ஊழியரின் பெறுபேற்றைப் பெரிதும் தீர்மானிப்பது வேலை நடைபெறும் ஒழுங்கமைப்பே. அதைச் சீர்செய்யாமல் எண்ணை மட்டும் உயர்த்துவதில் பயனில்லை என்பது அவர் வாதம்.

அப்படியாயின் இலக்கே வேண்டாமா? வேண்டும். ஆனால் 'எவ்வளவு?' என்ற கேள்வியுடன் 'எதற்காக?', 'எவ்வழியில்?' என்ற கேள்விகளும் சேர வேண்டும். வீடும் ஒரு சிறு நிறுவனமே. '9 ஏ கிடைக்குமா?' என்று மட்டும் கேட்கும் வீட்டில் பிள்ளை விடைகளை மனனம் செய்யப் பழகுவாள். 'இன்று புதிதாக என்ன விளங்கியது?' என்றும் கேட்கும் வீட்டில் அவள் கற்கப் பழகுவாள். பெற்றோரே, மாணவியரே, நாம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் எனச் சற்றுச் சிந்திப்போம்.