துண்டுத் துணிப் போர்வைக்கு அளவட்டை

பல்லாவரத்தை அடுத்த அனகாபுத்தூர் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்ட இவ்வூரில் நெய்யப்பட்ட ‘மதராஸ் கைக்குட்டை’ என்னும் கட்டம் போட்ட துணி, ஒரு காலத்தில் நைஜீரியா வரை சென்றது. பின்னர் அச்சந்தை சுருங்கிவிட்டது. 1960-களில் அமெரிக்காவிலோ, பல நிற மதராஸ் துணிகளைத் துண்டு துண்டாக இணைத்துத் தைத்த சட்டைகள் நாகரிகமாக விளங்கின. வெட்டி எஞ்சிய துண்டுக்கும் மதிப்புண்டு என்பதை நெசவாளர் இதனால் உணரலாம்.

அத்துண்டுகளைக் கையால் இணைத்துப் போர்வை தைக்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது அளவட்டை. 3 அங்குலச் சதுரங்கள் ஒன்பதைச் சேர்த்தால் 9 அங்குலக் கட்டம் ஒன்றாகும். எட்டுக் கட்டங்கள் சேர்ந்தால் 72 அங்குல அகலம். அதாவது, ஒரு வரிசைக்கு 24 சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் 1/16 அங்குலம் மிகுந்தால் அவ்வரிசை 1½ அங்குலம் நீண்டுவிடும். அடுத்த வரிசை சரியான அளவில் இருந்தால் இரண்டும் பொருந்துமா? துணி சுருங்கிக் குமிழும். பல நாள் உழைப்பு வீணாகும்.

அளவட்டையைத் தடித்த அட்டையில் எஃகு அளவுகோல் கொண்டு வரைக. குறுக்குக் கோடுகள் இரண்டும் சமமாயிருந்தால்தான் அது சதுரம்; 3 அங்குலச் சதுரத்திற்கு அவை ஏறக்குறைய 4¼ அங்குலம் இருக்கும். கத்தரிக்கோலை விட, அளவுகோலை ஒட்டிப் பிளேடால் வெட்டுவதே நன்று. பாவு நூலின் திசையைக் காட்ட அம்புக்குறி இடுக. அடியில் உப்புத்தாள் ஒட்டினால் துணிமேல் வழுக்காது.

கைத்தையலுக்குரிய அட்டையில் தையலுக்கு விடும் துணியைச் சேர்த்தல் கூடாது. துவைத்துத் தேய்த்த துணியின் உட்புறத்தில் அட்டையை வைத்து, கூரிய பென்சிலால் ஓரத்தை ஒட்டி வரைக. அக்கோடே தையற்கோடு. அதற்கு வெளியே ¼ அங்குலம் விட்டு வெட்டுக. இணைக்கும்போது இரு துண்டுகளின் முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று நிற்குமாறு குண்டூசி குத்திய பின்னரே ஊசியை எடுக்க வேண்டும்.

துணியிலுள்ள கட்டத்தையே அளவாகக் கொள்ளலாம் என்று சிலர் எண்ணக்கூடும். அது தவறு. ஊடையை அடிக்கும் வேகம் மாறினால் கட்டத்தின் நீளமும் மாறும் என்பதைத் தறியில் அமர்ந்தோர் அறிவர். கட்டம் அழகுக்கு, அளவு அட்டைக்கே உரியது.

பல வீடுகளில் தைத்து ஓரிடத்தில் இணைப்பதாயின் இக்கவனம் இருமடங்கு தேவை. மூல அளவட்டை ஒன்றைத் தகட்டில் செய்து சங்கத்தில் வைத்திருக்க வேண்டும். எல்லா அட்டைகளையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். நகலிலிருந்து நகல் எடுத்தால் பிழை வளரும். முனை மழுங்கிய அட்டையை உடனே மாற்றுக. ஒவ்வொருவரும் முதலில் ஒரு கட்டம் மட்டும் தைத்துக் கொணர்ந்து அளந்து பார்க்கட்டும். சுற்றிலும் விட்ட ஓரத்தோடு அது 9½ அங்குலம் இருந்தால் மேலே தைக்கலாம்.

அச்சில் ஒரு பல் பழுதானால் துணி முழுதும் கோடு விழும். அளவட்டையும் அத்தகையதே. பலர் கை ஒன்றுகூடும் வேலைக்கு அளவும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.