பரவித்தையும் அபரவித்தையும்: பண்டை இந்து நூல்களில் விஞ்ஞானச் சிந்தனை

அறிவு ஒன்றே, அதனை நாடிச் செல்லும் நெறிகள் பல. புறவுலகை ஆராய்ந்து அதன் இயல்பை வரையறுப்பது விஞ்ஞானம். ஆராய்கின்றவனாகிய உயிரின் இயல்பையும் அதற்கு ஆதாரமாய் நிற்கும் பரம்பொருளையும் உணர முயல்வது மெய்ஞ்ஞானம். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையென்பார் ஒருசாரார். விஞ்ஞானம் இன்று கண்டனவெல்லாம் வேதத்தில் முன்னரே உள்ளன என்பார் மற்றொருசாரார். இவ்விரு கூற்றும் பண்டை நூல்களை உள்ளவாறு கற்று எழுந்தன அல்ல. அந்நூல்கள் தாமே இவ்விருவகை அறிவையும் எவ்வாறு வகுத்தன, எவ்வாறு இணைத்தன என்பதை நோக்குமிடத்து இவ்வுண்மை இனிது விளங்கும்.

முண்டக உபநிடதத்திலே சௌனகர் என்னும் இல்லறத்தார் அங்கிரச முனிவரை அணுகி, எதனை அறிந்தால் யாவும் அறிந்தனவாகும் என வினவுகின்றார். அறியத்தக்க வித்தைகள் பரவித்தை, அபரவித்தை என இரண்டென்பது முனிவரின் விடை. இலக்கணம், யாப்பு, சோதிடம் முதலிய ஆறு அங்கங்கள் அபரவித்தையின்பாற்படும். இது வியப்பன்று. நான்கு வேதங்களையும் முனிவர் அவ்வகையிலேயே அடக்குகின்றார் என்பதே வியத்தற்குரியது. அழிவற்ற பொருளை அடைவிக்கும் அறிவொன்றே பரவித்தை எனப்படுகின்றது. வேதத்தின் முடிவாய் நின்ற நூலொன்று வேதத்தைக் கற்றல் மாத்திரம் போதாது எனக் கூறும் துணிவு பெற்றிருந்தமை கருதத்தக்கது.

சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் நாரதர் வரலாறும் இக்கருத்தையே வலியுறுத்தும். சனற்குமாரரிடம் சென்ற நாரதர், தாம் கற்ற கலைகளை வரிசைப்படுத்துகின்றார். வேதங்களோடு கணிதமும், தருக்கமும், நட்சத்திர வித்தையும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. இத்துணையும் கற்றும் தாம் சொற்களையே அறிந்தவர், ஆன்மாவை அறியாதவர் என்றும், அதனால் துயருறுகின்றார் என்றும் அவர் முறையிடுகின்றார். கலைகள் ஈண்டு இகழப்படவில்லை. அவற்றின் எல்லையே சுட்டப்படுகின்றது.

இனி, அபரவித்தை அக்காலத்தில் எத்துணை நுட்பமாக வளர்ந்திருந்தது என்பதற்குச் சுல்ப சூத்திரங்கள் தக்க சான்றாகும். சுல்பம் என்பது அளவுகயிறு. வேள்விக்குரிய குண்டங்களையும் மேடைகளையும் கயிறும் முளையுங் கொண்டு அளந்தமைக்கும் விதிகளை இந்நூல்கள் கூறும். இவற்றுட் பழையதாகிய போதாயனரது நூல் கிறித்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டதென அறிஞர் கருதுவர். வேள்விக்குரிய மூன்று தீக்களுள் ஒன்றற்குச் சதுரமும், ஒன்றற்கு வட்டமும், ஒன்றற்கு அரைவட்டமும் இடமாக விதிக்கப்பட்டன. ஆயினும் மூன்றன் பரப்பும் ஒத்திருத்தல் வேண்டும். பருந்துருவில் அமைக்கும் மேடையை அடுக்கொன்றுக்கு 200 செங்கற்களாக ஐந்து அடுக்கில், 1000 செங்கற்களாற் கட்டுதல் வேண்டும். இத்தேவைகளே கேத்திரகணித ஆராய்ச்சியைத் தோற்றுவித்தன.

செவ்வகமொன்றின் மூலைவிட்டத்தின்மீது அமையும் சதுரம், அதன் நீளத்தின்மீதும் அகலத்தின்மீதும் தனித்தனி அமையும் சதுரங்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாகும் என்பதைப் போதாயனர் பொதுவிதியாகவே கூறுகின்றார். பாடசாலை மாணவர் பைதகரசின் தேற்றம் எனப் பயில்வது இதுவே. அலகுச் சதுரத்தின் மூலைவிட்ட நீளத்தைக் காண, ஒன்றுடன் அதன் மூன்றிலொரு பங்கையும், அம்மூன்றிலொன்றின் நான்கிலொரு பங்கையும் கூட்டி, இறுதியிற் கூட்டிய பங்கின் முப்பத்துநான்கிலொன்றைக் கழிக்குமாறு சுல்ப நூல் விதிக்கின்றது. இதனாற் பெறப்படுவது 577/408, அஃதாவது 1.41421568. இரண்டின் வர்க்கமூலத்தின் உண்மைப் பெறுமானம் 1.41421356 ஆதலின், ஐந்து தசமதானம்வரை இரண்டும் ஒத்திருக்கின்றன. இவ்வுறவைக் கி. மு. 18ஆம் நூற்றாண்டளவிலேயே பாபிலோனியர் அறிந்திருந்தனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. பிறர் அறிந்திருந்தமையால் போதாயனரின் பெருமை குன்றுவதில்லை.

சடப்பொருளின் இயல்பை ஆராய்ந்தோர் வைசேடிகர். கணாதர் தோற்றுவித்த இத்தரிசனம் நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கும் பகுக்கவியலாத பரமாணுக்களால் ஆயவை எனக் கொண்டது. பொருளை முடிவின்றிப் பகுத்துச் செல்லலாமாயின், கடுகும் மேருவும் எண்ணிறந்த கூறுகளை உடையனவாய் அளவால் ஒத்துவிடும்; அது பொருந்தாமையின் பகுப்புக்கு ஓர் எல்லை உண்டென்பது இம்மரபினர் காட்டிய நியாயம். இரு பரமாணுக்கள் சேர்ந்து துவியணுகமாகும். மூன்று துவியணுகங்கள் சேர்ந்து திரியணுகமாகும். சாளரத்தின் வழியே புகும் ஞாயிற்றுக் கதிரில் மிதக்கும் துகளே கண்ணுக்குப் புலனாகும் மிகச் சிறிய திரியணுகம் என அவர் கூறுவர்.

எனினும், இதனை 1808ஆம் ஆண்டில் வெளிவந்த தால்தனின் அணுக்கொள்கையோடு ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. தால்தன் மூலகங்கள் கூடும் நிறை விகிதங்களை அடிப்படையாகக் கொண்டார். அவருடைய கொள்கையைத் தராசினால் எவரும் சோதிக்கலாம். கணாதர் மரபினர் தருக்கத்தையே கருவியாகக் கொண்டனர். இருவரும் எழுப்பிய வினா ஒன்று. விடைகண்ட முறை வேறு. இவ்வேற்றுமையை உணராதார்க்குக் கணாதரும் விளங்கார், தால்தனும் விளங்கார்.

அங்ஙனமாயின் சோதனை முறை பண்டையோர்க்கு முற்றும் அயலானதோ? அன்று. சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயம் இதற்கு விடையளிக்கும். உத்தாலக ஆருணியின் மைந்தன் சுவேதகேது பன்னிரண்டு வயதிற் குருகுலம் புகுந்து, இருபத்துநான்கு வயதில் வேதமெல்லாம் கற்றுச் செருக்குடன் மீள்கின்றான். தந்தை அவனுக்கு மேலும் ஒரு நூலை ஓதுவிக்கவில்லை. தானே செய்து காணுமாறு பணிக்கின்றார்.

மனம் உணவினால் ஆயது என்பது தந்தையின் கூற்று. அதனை மெய்ப்பிக்க, பதினைந்து நாள் உண்ணாது நீர்மாத்திரம் பருகியிருக்குமாறு மகனை ஏவுகின்றார். அதன்பின் வேதத்தை ஓதுமாறு கேட்க, அவனுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உண்டு மீண்டதும் கேட்டவற்றுக்கெல்லாம் விடை பகர்கின்றான். ஒன்றை நீக்கி விளைவை அவதானித்தலும், அதனையே மீட்டும் சேர்த்து விளைவை ஒப்பிடுதலுமாகிய இம்முறை, இன்றைய ஆய்வுகூடத்தில் மாணவர் கைக்கொள்ளும் முறைக்கு மிக அணித்தானது. பிறிதோரிடத்தில் ஆலம்பழத்தைப் பிளப்பித்து, அதனுள் இருக்கும் நுண்விதையையும் பிளப்பித்து, உள்ளே என்ன காண்கின்றாய் என்கின்றார். ஒன்றுமில்லை என்கின்றான் மகன். காணப்படாத அந்நுண்மையினின்றே பேராலமரம் எழுந்து நிற்கின்றது எனத் தந்தை உணர்த்துகின்றார். இரவில் நீரிலிட்ட உப்பை விடியலில் எடுத்து வருமாறு பணித்ததும் இவ்வாறே. உப்பு கண்ணுக்கும் கைக்கும் அகப்படவில்லை. மேலும் இடையும் கீழுமாகப் பருகியபோது யாண்டும் உவர்த்தது. ஒரு புலனுக்கு எட்டாமை கொண்டு ஒரு பொருளை இல்லையெனத் துணிதல் தகாது என்னும் பாடத்தை அவன் நாவினாலே கற்றான்.

உப்பு நீரிற் கலந்திருத்தல் சோதனையால் நிறுவப்பட்டது. பரம்பொருள் உலகிற் கலந்திருத்தலோ அவ்வாறு நிறுவப்பட்டதன்று. அது உவமையால் உணர்த்தப்பட்டது. சோதனை முடியுமிடத்திலே உவமை தொடங்குகின்றது. உவமை முடியுமிடத்தில் மாணவனின் சொந்த அனுபவம் தொடங்கவேண்டும். இவ்வெல்லைகளை அறிந்து கற்பித்தமையே உத்தாலகரின் சிறப்பு.

இவ்வெல்லைகள் மயங்குமிடத்துக் கேடு விளையும். பண்டை முனிவர் விமானங் கட்டினர் என்பதற்குச் சான்றாக வைமானிக சாத்திரம் என்னும் நூலைக் காட்டுவோர் உளர். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்து ஆய்வாளர் ஐவர் அதனை ஆராய்ந்து 1974இல் வெளியிட்ட கட்டுரையிலே, அந்நூல் 1904ஆம் ஆண்டுக்கு முற்பட்டதன்று எனவும், அதிற் கூறப்பட்ட பொறிகள் பறக்கும் இயல்பின அல்ல எனவும் காட்டினர். இத்தகைய போலிச் சான்றுகளின்மீது சமயப் பெருமையை நிறுவின், அச்சான்று வீழுங்காலத்து உண்மைப் பெருமையும் ஐயத்துக்கிடமாகும். போதாயனரைக் கல்லாது விமானக்கதையைக் கற்கும் மாணவன் விஞ்ஞானத்தையும் இழந்தான், சமயத்தையும் இழந்தான்.

மாறாக, கிரகணம் பூமியினதும் சந்திரனதும் நிழலால் நிகழ்வதென்றும், பூமி தன்னைத்தானே சுழல்கின்றதென்றும் 499ஆம் ஆண்டளவில் ஆரியபட்டர் கூறினார். இராகு கேதுக்கள் பற்றிய கதை வழங்கிய காலத்திலேயே அவர் இவ்வாறு கூறினார். பூமி சுழல்வதைப் பிரமகுப்தர் பின்னர் மறுத்தார். மறுப்பதற்கும் மறுக்கப்படுவதற்கும் இடமளித்த மரபே அறிவை வளர்த்தது.

சைவசித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றாகிய சிவஞானசித்தியார், பதியையும் பசுவையும் பாசத்தையும் ஆராயப் புகுமுன் அளவையியலை முதற்கண் வைத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஒரு பொருளை எந்த அளவையால் அறிகின்றோம் எனத் தெளிந்த பின்னரே அப்பொருளைப் பற்றிப் பேசுதல் வேண்டும் என்பது அம்முறைவைப்பின் கருத்து. காட்சிக்கும் கருதலுக்கும் உரிய துறையில் விஞ்ஞானத்தின் தீர்ப்பை ஏற்றலும், உயிரின் துயர்நீக்கம் பற்றிய துறையில் அருளாளர் உரையையும் அனுபவத்தையும் நாடுதலும் முரண்பட்ட செயல்களல்ல. ஆய்வுகூடத்தில் உப்பைக் கரைக்கும் மாணவன் சுவேதகேதுவின் வழியில் ஏற்கெனவே ஓரடி வைத்துவிட்டான். அடுத்த அடியை வைப்பதற்கு அவனுக்கு வேண்டுவது, தந்தையை மேலும் கற்பிக்குமாறு வேண்டிநின்ற அம்மைந்தனின் பணிவு ஒன்றேயாம்.