பூச்சியம் இல்லாத எண்கள்

பல்லேகல சர்வதேச கிரிக்கெட் மைதானத்தின் புள்ளிப்பலகையைக் கண்டி மன்னர் கால எண்களில் எழுதச் சொன்னால், ஆட்டம் தொடங்கும் முன்பே சிக்கல்தான். பூச்சியத்துக்கு அவற்றில் குறியே கிடையாது. அரைச் சதத்துக்கோ ஒரே குறி போதும்.

சிங்கள இலக்கம் எனப்படும் இவை அரச ஆவணங்களில் புழங்கியவை. 1815 மார்ச்சில் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தில், ஆங்கிலப் பிரிவுகளுக்கு இன்றைய எண்களும் சிங்களப் பிரிவுகளுக்கு இந்தப் பழைய இலக்கங்களும் இடப்பட்டிருந்தன. அந்த ஒப்பந்தத்தோடு கண்டி இராச்சியம் போனது, இலக்கமும் மெல்ல வழக்கொழிந்தது.

தமிழருக்கு இது அந்நியமான கணக்கல்ல. 1815ஐ ௲௮௱௰௫ என்று எழுதியவர்கள்தானே நாம்! எண் நிற்கும் இடம் மதிப்பைச் சொல்வதில்லை, குறியே சொல்கிறது. அதனால் பூச்சியம் தேவைப்படவில்லை. ஆனால் நாம் ஐம்பதை ௫௰ என்று இரண்டு குறிகளால் எழுதினோம். சிங்கள இலக்கத்தில் பத்து முதல் தொண்ணூறு வரை ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி உண்டு. ஒன்று முதல் ஒன்பது, நூறு, ஆயிரம் எல்லாம் சேர்த்து 20.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஹர்ஷ விஜயவர்தன போன்றோர் ஆராய்ந்து எடுத்துக்காட்டிய இக்குறிகள், 2014இல் கணினி எழுத்துத் தரமான யுனிகோடின் 7.0 பதிப்பில் சேர்ந்தன. சேர்வது என்றால் என்ன? ஓலையைப் படம்பிடித்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும், தேட முடியாது. யுனிகோட் வடிவத்தைச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு குறிக்கும் ஒரு குறியெண், ஒரு பெயர், சில பண்புகள் தருகிறது. வரைவது எழுத்துருவின் வேலை.

பண்புகளில்தான் சுவாரசியம். சிங்களத்தில் சாதகம் எழுதப் பயன்பட்ட இன்னொரு வகையான லித் இலக்கங்களில் பூச்சியம் உண்டு. அதே பதிப்பில் அவை சிங்கள எழுத்துகளின் பகுதியிலேயே தசம இலக்கங்களாகக் குடியேறின. பழைய இலக்கங்களுக்கு அந்தத் தசமப் பண்பு தரப்படவில்லை. தந்திருந்தால், ஐம்பதின் குறியை அடுத்து இரண்டு வரும்போது அது 52 என்பதைக் கணினி தவறவிட்டிருக்கும்.

குடியிருப்பும் வேறு. யுனிகோடின் முதல் 65,536 இடங்களுக்கு அப்பாலுள்ள தளத்தில் பழைய இலக்கங்கள் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் நம் முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகள் 2019இல் வந்தன. 2009இல் 1,071 குறிகளோடு நுழைந்த எகிப்திய சித்திர எழுத்துகளும் அதே தளத்தில்தான். அவற்றின் பாடு பெரும்பாடு: ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க வேண்டும். அதற்கென்றே தனிக் கட்டுப்பாட்டுக் குறிகள் 2019இல் சேர்க்கப்பட்டன. கண்டி இலக்கத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வரிசையாக எழுதினால் போதும். போனில் வெற்றுக் கட்டம் தெரிந்தால், அந்தக் குறியுள்ள எழுத்துரு அதில் இல்லை என்று பொருள். எண் உள்ளே பத்திரமாகவே இருக்கிறது.