ஓர் ஓவியத் தலைப்பும் அதன் மொழிபெயர்ப்பும்

குளோத் மொனே 1872ஆம் ஆண்டு எனக் குறித்த எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று, பிரான்சின் லெ ஆவர் துறைமுகத்தைக் காட்டுவது. 48 செ.மீ. உயரமும் 63 செ.மீ. அகலமும் உடைய இதில், மூடுபனி, சிறு படகுகள், மங்கிய பாய்மரங்கள், செம்மஞ்சள் ஞாயிறு ஆகியவை சில தூரிகைக் கோடுகளிலேயே அமைந்துள்ளன. 1874 ஏப்ரல் 15இல் பாரிசில் தொடங்கிய கண்காட்சியில் இது வைக்கப்பட்டது. அட்டவணைக்குத் தலைப்புக் கேட்டபோது, இதனை லெ ஆவரின் காட்சி எனக் கூறல் பொருந்தாது எனக் கருதி, 'எம்ப்ரெசியோன்' என்னும் சொல்லைத் தந்ததாக மொனே பின்னாளில் கூறியுள்ளார். 'எம்ப்ரெசியோன், சொலேய் லெவான்' என்பது தலைப்பின் முழுவடிவம். இதனைத் தமிழாக்குவதில் இரு சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, பிற்பகுதி பற்றியது. 'சொலேய்' ஞாயிற்றைக் குறிக்கும் பெயர். 'லெவான்' வினையடியாகப் பிறந்த அடை. ஆங்கிலம் இதனைச் 'சன்ரைஸ்' என நிகழ்ச்சிப் பெயராக்கியது. ஆங்கில வழியே பெயர்ப்போர் 'சூரியோதயம்' என்பர். அப்போது தலைமைச்சொல் ஞாயிறாக இல்லாமல் உதயமாகிவிடுகிறது. 'எழுஞாயிறு' என்னும் வினைத்தொகையோ ஞாயிற்றையே தலைமைச்சொல்லாக நிறுத்தும். மூலச்சொல்லைப் போலவே காலமும் காட்டாது. ஓவியமும் இதற்கு இயைகிறது. ஞாயிற்றின் ஒளியளவு சூழ்ந்த வானின் ஒளியளவை ஏறத்தாழ ஒத்திருப்பதால், கருப்பு வெள்ளைப் படியில் அது மறைந்துபோகிறது. நிறத்தால் மட்டுமே நிற்கும் அஞ்ஞாயிறே படைப்பின் மையம்.

இரண்டாவது, 'எம்ப்ரெசியோன்' பற்றியது. 1874 ஏப்ரல் 25இல் 'லெ ஷாரிவாரி' இதழில் லூயி லெருவா எழுதிய அங்கத உரையாடல், இப்பெயர்ச்சொல்லையும் அதன் வினைவடிவையும் இணைத்து ஓவியத்தை எள்ளியது. அவ்வுரையின் தலைப்பிலேயே இக்குழுவினருக்கு 'எம்ப்ரெசியோனிஸ்த்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. 1877இல் நடந்த மூன்றாம் கண்காட்சியில் ஓவியர்கள் அப்பெயரைத் தாமே ஏற்றனர். ஏளனம் இயக்கப் பெயரானமை சொல்லின் வேரிலேயே அடங்கியுள்ளது.

'இம்ப்ரஷனிசம்' என ஒலிபெயர்த்தால் இவ்வேர் தமிழில் புலப்படாது. 'உணர்வுப்பதிவுவாதம்' வேரைக் காட்டினும், 'உணர்வு' என்னும் முன்னொட்டு உள்ளத்து உணர்ச்சியை முதன்மைப்படுத்துகிறது. இவ்வோவியர்கள் நாடியதோ கண்ணில் ஒளி பதியும் முறை. 'பதிவு' எனத் தனித்து நின்றால் 'பதிந்தது' என்னும் வினையோடு இயைந்து அங்கதத்தையும் தாங்கும். அச்சுப்பதிவு என்னும் பொருள் பிரெஞ்சுச் சொல்லிலும் உண்டு.

எனவே 'பதிவு, எழுஞாயிறு' என்பதே மூலத்திற்கு அணுக்கமான பெயர்ப்பு எனலாம். இடைமொழி வழியே வரும் தலைப்புகளை மூலமொழியின் இலக்கணத்தோடு ஒப்பிட்ட பின்னரே ஏற்றல் வேண்டும் என்பதை இச்சிறு சான்று உணர்த்துகிறது.