குட்டி போனாலும் கிருமி போகாது!



வீட்டில் நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கும், வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். 'நாய்க்குட்டிக்குப் போய் இத்தனை பெரிய கடிதமா?' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். குட்டி வேண்டும் என்று அடம் பிடிப்பது பிள்ளைகள். தூக்கிக்கொண்டு வருவது அவர்கள் அப்பா. ஆனால் அதற்குச் சோறு வைப்பதும், அது அசுத்தம் செய்த இடத்தைக் கழுவுவதும், அதற்கு ஒன்று என்றால் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பதும் நாம்தானே!

எங்கள் ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயலும் வாழையுமாக இருக்கிற ஊர்கள். காவலுக்கு ஒரு நாய் இல்லாத வீடு குறைவு. அதேபோல, "நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடிக்கிட்டுத் திரிஞ்சிது, இன்னிக்குப் போயிட்டே!" என்று குட்டியைப் பறிகொடுத்துப் புலம்பாத வீடும் குறைவுதான். இப்படிப் போகிற குட்டிகளில் பலவற்றைக் கொண்டுபோவது 'பார்வோ' என்ற வைரஸ்.

அறிகுறிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். துள்ளித் திரிந்த குட்டி மூலையில் சுருண்டு படுக்கும். சோற்றை மோந்துகூடப் பார்க்காது. காய்ச்சல் அடிக்கலாம். பிறகு வாந்தி. அதன்பின் தண்ணீராகப் போகும். பெரும்பாலும் ரத்தம் கலந்து, தாங்க முடியாத நாற்றத்தோடு போகும். கிருமி உள்ளே போய் மூன்று முதல் ஏழு நாட்களில், சில சமயம் இரண்டு வாரத்துக்குள், இது வெளிப்படும். ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். குடலின் உள்தோலை அரித்து, எலும்பு மஜ்ஜையையும் தாக்கி, வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுவதால் குட்டிக்கு எதிர்த்துப் போராடவே தெம்பு இருக்காது. சிகிச்சை இல்லாமல் விட்டால் பத்தில் ஒன்பது பிழைப்பதில்லை. சீக்கிரமே கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, முறையாகக் கவனித்தால் பெரும்பாலானவை பிழைத்துவிடும். வித்தியாசம் எத்தனை பெரிது, பாருங்கள்!

இது ஏதோ காலம் காலமாக இருந்து வருகிற நோயும் இல்லை. 1978-ல்தான் உலகத்துக்கே இது தெரிய வந்தது. பூனைகளுக்கு வருகிற ஒரு வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டே வருஷத்துக்குள் கண்டம் விட்டுக் கண்டம் பரவி, 1980-களின் தொடக்கத்தில் நம் சென்னையிலும் மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் நம் ஆச்சிமாருக்கு இந்த நோயின் பெயர் தெரியாது. பெயர் தெரியாத நோய்க்கு நம் ஊரில் உடனே கிடைக்கிற காரணம் என்ன? ஒன்று கண்ணேறு; இல்லாவிட்டால், அடுத்த வீட்டுக்காரி வைத்த விஷம்!

எங்கள் தெருவிலேயே நடந்தது. ஒரு வீட்டில் மூன்று குட்டிகள் இரண்டு நாளுக்குள் அடுத்தடுத்துச் செத்தன. ரத்தமாகப் போனதைப் பார்த்ததும் அந்த வீட்டு ஆச்சி, "எவளோ சோத்துல வெசத்த வச்சிட்டா!" என்று நடுத்தெருவில் நின்று ஏசிவிட்டார்கள். அடுத்த வீட்டு மதினியோடு கோழி விஷயத்தில் ஏற்கெனவே மனத்தாங்கல். பெயர் சொல்லாமலே யாரைச் சொல்கிறார்கள் என்று தெருவுக்கே புரிந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது. பிள்ளைகள் சேர்ந்து பள்ளிக்கூடம் போவதும் நின்றது.

மூன்று மாதம் கழித்து அதே வீட்டில், அதே முற்றத்தில், அதே சாக்கை விரித்துப் புதுக்குட்டி ஒன்றை விட்டார்கள். ஆறாம் நாள் அதுவும் சுருண்டது. இந்தத் தடவை மருமகள் மட்டும் தைரியமாக அதை ஒரு துண்டில் சுற்றி டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். மலத்தைக் கொஞ்சம் எடுத்து ஒரு சின்னப் பட்டையில் சோதித்தார்கள். கால் மணி நேரத்துக்குள் 'பார்வோ' என்று தெரிந்துவிட்டது. "இது வெசம் இல்லம்மா, வைரஸ். முன்னால செத்த குட்டிக்கும் இதுதான் வந்திருக்கும். அந்தக் கிருமி உங்க முத்தத்துலேயே கெடந்திருக்கு" என்றார்கள். ஐந்து நாள் டிரிப்ஸில் அந்தக் குட்டி பிழைத்துக்கொண்டது. ஆச்சி வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் வாழைத்தார் இறக்கினபோது இரண்டு சீப்பு அடுத்த வீட்டுக்குப் போயிற்று!

டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு விஷயம்தான், தோழியரே, நாம் எல்லோரும் மனசில் வைக்க வேண்டியது. குட்டி போனாலும் கிருமி போகாது. நோயுள்ள குட்டியின் மலத்தில் அது கோடிக்கணக்கில் வெளியேறும். மண்ணிலும் சாக்கிலும் சோற்றுத் தட்டிலும் மாதக்கணக்கில், நிழலான ஈர இடமாக இருந்தால் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். சாணி தெளிப்பதாலோ, மஞ்சள் தண்ணீராலோ அது சாகாது. சோப்புத் தண்ணீர், வீட்டில் ஊற்றுகிற சாதாரண பினாயில் இவற்றை நம்பியும் பிரயோசனம் இல்லை.

அதைக் கொல்வது நம் கைக்கு எட்டுகிற பிளீச்சிங் பவுடர்தான். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு வீடு கழுவினோமே, அப்போது இந்தப் பவுடரின் வாடை பழகாத வீடு நம் ஊரில் உண்டா? அதேதான். ஆனால் போடுகிற முறையில் போட வேண்டும்.

முதலில் மலம், வாந்தி, மண், மயிர் எல்லாவற்றையும் வாரி எடுத்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கின் மேல் பவுடர் தண்ணீரை ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கோடு போய்விடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 கிராம், அதாவது பத்து லிட்டர் வாளிக்கு 60 கிராம் பவுடர் கரைத்து ஊற்றி, பத்து நிமிஷமாவது தரை ஈரமாகவே இருக்கும்படி விட்டு, அதன்பின் கழுவி விடுங்கள். பவுடர் புதிதாக இருக்கட்டும். திறந்து போட்ட பழைய பவுடரில் வீரியம் இருக்காது. கரைத்த தண்ணீரையும் அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். இன்னொன்று முக்கியம்: கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையோ வேறு மருந்தையோ இதோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். விஷ வாயு கிளம்பும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகளையும் குட்டிகளையும் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சிமெண்டுத் தரைக்கு இது சரி. மண் முற்றத்தை இப்படிச் சுத்தம் செய்துவிட முடியாது. அசுத்தமான மேல்மண்ணை வாரிப் புதைத்துவிட்டு, வெயில் நன்றாக விழும்படி விடுங்கள். ஊசி முழுவதும் போட்டு முடிக்காத குட்டியை அந்த இடத்தில் ஒரு வருஷத்துக்காவது விடாதீர்கள். பழைய சாக்கு, துணி, மண்சட்டி எல்லாவற்றையும் எரித்தோ உடைத்தோ ஒழித்துவிடுங்கள். பத்து ரூபாய் சாக்குக்குப் பார்த்தால் இன்னொரு குட்டி போகும்.

இனி ஊசி விஷயம். "எங்க குட்டிக்கு ஊசி போட்டாச்சே, பிறகு எப்படி வந்துது?" என்று கேட்கிறவர்கள் நிறைய. விசாரித்தால் இரண்டில் ஒன்றாக இருக்கும். முகாமில் போட்டது வெறிநாய்க்கடி ஊசியாக இருக்கும். செப்டம்பர் 28, வெறிநோய் தினத்தை ஒட்டி நடக்கிற முகாம்களில் போடுவது அதுதான். அதுவும் கட்டாயம் வேண்டும். ஆனால் அது பார்வோவைத் தடுக்காது. பார்வோவுக்கு உள்ளது கூட்டு ஊசி. மருந்துக் கடையில் 'செவன் இன் ஒன்', 'நைன் இன் ஒன்' என்பார்கள். இல்லையென்றால், அந்தக் கூட்டு ஊசியையே ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு நிறுத்தியிருப்பார்கள்.

ஒரு தடவை ஏன் போதாது என்று டாக்டரம்மா எனக்கு விளக்கினார்கள். பிறந்த முதல் நாள் குடிக்கிற சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்துவிடுகிறது. நல்லதுதானே? ஆனால் அந்தச் சக்தி உடம்பில் இருக்கும்வரை, நாம் போடுகிற ஊசி மருந்தையும் எதிரி என்று அழித்துவிடும். அது வாரா வாரம் குறைந்துகொண்டே வரும். நடுவில் சில நாட்கள், நோயைத் தடுக்கப் போதாமலும், ஊசியைக் கெடுக்க மட்டும் போதுமான அளவிலும் நிற்கும். அந்தச் சந்தில்தான் பார்வோ நுழைகிறது. எந்தக் குட்டிக்கு அது எந்த வாரம் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசி பதினாறு வாரம் முடிந்து விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஜனவரி முதல் தேதி பிறந்த குட்டி என்றால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதக் கடைசி வாரத்திலும் ஊசி. பிறகு ஒரு வயசுக்குள் ஒன்று. அதற்குமேல் டாக்டர் சொல்கிறபடி.

நம் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எத்தனை பத்திரமாக வைத்திருந்தோம்! அதேபோல் குட்டிக்கும் ஓர் அட்டை வாங்கி வையுங்கள். ஊசி மருந்தை வெளியில் வாங்கி வரச் சொன்னால் ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டு போங்கள். வெயிலில் பையில் தொங்கிக்கொண்டு போன மருந்து வெறும் தண்ணீர்தான்.

குட்டிகள் வளர்த்து விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோவில்பட்டிப் பக்கம் என் சித்தி வீட்டில் தலைமுறையாகக் கன்னி நாய்கள் வளர்க்கிறார்கள். அந்த இனத்தைக் கல்யாணச் சீராகக் கொடுக்கிற வழக்கமும் உண்டு என்பார்கள். பத்து, பன்னிரண்டு குட்டிகள் ஒன்றாக இருக்கிற இடத்தில் ஒன்றுக்கு வந்தால் அத்தனையும் போய்விடும். சித்தி செய்கிற சில காரியங்களை அப்படியே தருகிறேன்:

* தாய் நாயைச் சேர்க்கும் முன்பே அதற்கு ஊசி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். தாய்க்குச் சக்தி இருந்தால்தான் சீம்பாலில் சக்தி வரும். பிறந்த குட்டி ஒவ்வொன்றும் முதல் நாளே பால் குடிக்கிறதா என்றும் கவனிப்பாள்.

* வெளியிலிருந்து வரும் நாயோ குட்டியோ இரண்டு வாரம் தனி இடத்தில்தான் இருக்கும்.

* முதலில் நல்ல குட்டிகளுக்குச் சோறு, சுத்தம். கடைசியாகத்தான் நோயுள்ளதன் பக்கம் போவாள். அதற்குத் தனித் தட்டு, தனி வாரியல், தனிச் செருப்பு.

* பிழைத்த குட்டியையும் உடனே மற்றதோடு சேர்க்க மாட்டாள். மூன்று, நான்கு வாரம் தனியே. குணமான பிறகும் சில நாள் அதன் மலத்தில் கிருமி போகும்.

* குட்டி பார்க்க வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே விட வேண்டும். கை கழுவாமல் குட்டியைத் தொட விடமாட்டாள்.

* எட்டு வாரம் ஆகாத குட்டியை யார் வந்து கேட்டாலும் தரமாட்டாள். 2017-ல் வந்த மத்திய அரசின் விதியும் அதையேதான் சொல்கிறது. "முப்பது நாள்லேயே குடு"ன்னு கேக்கிறவங்ககிட்ட, "நீ முப்பது நாள்ல பிள்ளைய அடுத்த வீட்டுக்குக் குடுத்திருவியா?" என்று கேட்பாள். வந்தவர் சிரித்துக்கொண்டு முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்!

வீட்டில் வளர்க்கும் நாம் செய்ய வேண்டியதும் இதே போலத்தான். ஊசிகள் முடிகிற வரை குட்டியைத் தெருவில் இறக்கி விடாதீர்கள். டாக்டரிடம் போனாலும் தரையில் விடாமல் மடியிலேயே வைத்திருங்கள். அங்கே நோயுள்ள நாய்களும் வந்து போயிருக்கும். இரண்டு வாரத்திலிருந்தே டாக்டரிடம் கேட்டுப் பூச்சி மருந்து கொடுங்கள். கொக்கிப் புழுவினாலும் ரத்தமாகப் போகும் என்பதால், நாமே 'இது இன்னது' என்று முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

வாந்தி எடுக்கிற குட்டியின் வாயைப் பிளந்து பாலோ கஞ்சியோ ஊற்றாதீர்கள், மூச்சில் ஏறிவிடும். நமக்கு வைத்திருக்கிற வயிற்றுப்போக்கு மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். 'ஒரு நாள் பார்ப்போம்' என்று காத்திருக்கவும் வேண்டாம். தண்ணீர்ச் சத்து வற்றிக்கொண்டே இருக்கிற குட்டிக்கு அந்த ஒரு நாள் பெரிய நாள்.

கைக்குழந்தை உள்ள வீடுகளில், 'நம்ம பிள்ளைக்கு ஒட்டிக்குமோ?' என்ற பயத்தில் நோயுள்ள குட்டியை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. நாயின் பார்வோ மனிதர்களுக்கு வராது, தாயே! கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது போதும். கொண்டுபோய் விட்டால் அந்தக் குட்டியும் சாகும். அந்தக் கரையில் திரிகிற மற்றக் குட்டிகளுக்கும் நோய் போகும்.

இன்றைக்கு வேலையெல்லாம் முடிந்து உட்காரும்போது, உங்கள் குட்டி பிறந்து எத்தனை வாரம் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அடுத்த ஊசித் தேதியை அடுப்படிக் காலண்டரில், கேஸ் பதிந்த தேதிக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டில் குட்டி இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, ஸ்ரீவைகுண்டம்.