நுரைக் காப்புப் பலகைகளின் அமுக்க வலிமை: வில்லியனூர், பாகூர் மொட்டைமாடிகளை முன்வைத்து

முன்னுரை

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த தட்பவெப்ப மண்டலத்தைச் சார்ந்தவை. கூரைத்தளத்தின் மீது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டுத் தட்டோடு பதிப்பது தமிழகக் கடலோரத்தின் நெடுநாள் வழக்கம். அத்தட்டோட்டின் அடியில் இன்று நுரைக் காப்புப் பலகைகளும் இடம்பெறுகின்றன. இவற்றுள் 'தெர்மாகோல்' என மக்கள் வழங்கும் பாலிஸ்டைரீன் நுரை பரவலானது. இதன் அமுக்க வலிமை மதிப்பைப் பொருள்கொள்ளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

மதிப்பின் பொருள்

செங்கல்லின் அமுக்க வலிமை அது நொறுங்கும் நிலையைக் குறிக்கும். நுரையோ நொறுங்காது, நசுங்கும். எனவே ஐரோப்பியத் தரமுறையில் பலகையின் தடிமன் 10 விழுக்காடு குறையும்போதுள்ள தகைவே அளவுகோலாகிறது. 'இ.பி.எஸ். 100' என்னும் வகைக்கு அது 100 கிலோபாஸ்கல்; அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 டன். ஆயின் அந்நிலையில் 50 மி.மீ. பலகை 5 மி.மீ. குறுகிவிடும், மேலுள்ள தட்டோடு அதற்கு முன்பே விரிசல் காணக்கூடும். மேலும், இது குறுகிய நேரச் சோதனை. ஆண்டுக்கணக்கில் நிற்கும் சுமைக்கு இம்மதிப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடே, அதாவது 30 கிலோபாஸ்கலே கொள்ளத்தக்கது.

பரவிய சுமையும் குவிந்த சுமையும்

மக்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரம் 875 குறிக்கும் சுமை 1.5 கிலோபாஸ்கல். 50 மி.மீ. கான்கிரீட் மேற்தளம் 1.2 கிலோபாஸ்கல் சேர்க்கும். 10 செ.மீ. உயரத்திற்கு நெல் பரப்பினும் ஏறத்தாழ 0.6 கிலோபாஸ்கலே கூடும். இவற்றால் பலகைக்குத் தீங்கில்லை.

குடிநீர்த் தொட்டியின் நிலை வேறு. 1000 லிட்டர் நீர், 23 செ.மீ. சதுரமான நான்கு செங்கல் தூண்களின் வழி இறங்கினால் ஒவ்வொரு தூணின் அடியிலும் ஏறத்தாழ 46 கிலோபாஸ்கல் தகைவு உண்டாகும். மேற்தளம் மெலிதாயின் அத்தகைவு பெரிதும் பரவாமல் பலகையைச் சேரும். 100 என்னும் எண்ணுக்கு இது பாதியினும் குறைவு. நெடுங்கால வரம்பையோ மிஞ்சியது. அதே தொட்டியை 1 மீட்டர் சதுரக் கான்கிரீட் பலகையின் மீது அமர்த்தினால் தகைவு 15 கிலோபாஸ்கலுக்குள் அடங்கும்.

முடிவுரை

சுமையின் மொத்த அளவினும் அது இறங்கும் பரப்பும் நிற்கும் காலமுமே பலகையின் தகுதியைத் தீர்மானிக்கின்றன. தொட்டியின் தூண்களைக் காப்புப் பலகையைத் தவிர்த்துக் கான்கிரீட் தளத்திலேயே, இயன்றவரை சுவரின் நேர்மேலாக, எழுப்புவது சாலச் சிறந்தது. இயலாவிடத்து அகன்ற அடித்தளமோ, நெடுங்கால வரம்பு 60 கிலோபாஸ்கலாகும் 'இ.பி.எஸ். 200' வகையோ தேவைப்படும். விரிசல் வழி மழைநீர் இறங்கின் காப்பும் கூரையும் ஒருங்கே கெடும்.